கண்டக்டருக்கும் ஒரு ஸீட்டு

பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் இடையில், தொண்ணூறுகளில், ஒரு பெரியவர் கையில் ரப்பர் பூண் வைத்த கைத்தடியோ, மூக்கில் இலவசக் கண்ணாடியோ, காதில் பட்டாணி அளவில் ஒரு மெஷினோ இருந்தால் அதற்குப் பின்னால் அரசாங்கம் இருந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். தப்பு. டபுள் பெல் இருந்தார். அரசாங்கம் சாமானைக் கொடுத்தது, அவ்வளவுதான். வாங்க வேண்டிய ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியவர் அவர். இதை நான் கோயிலில் நின்றும் சத்தியம் செய்வேன், சர்ச்சில் நின்றும் செய்வேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு அதன் உபயோகம் தீர்ந்துவிட்டது. கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பக்கத்து பஸ்களில் மணிதான். கூரையை ஒட்டி ஒரு கயிறு ஓடும். ஒரு இழுப்பு இழுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு இழுப்பு இழுத்தால் போக வேண்டும். களியக்காவிளையைத் தாண்டி வருகிற தமிழ்நாட்டு வண்டிகளில் விசில். டபுள் பெல்லுக்கு விசில் என்றாலே ஆகாது. "விசிலடிக்கியது போலீஸ்காரன் வேலையாக்கும். கண்டக்டருக்கு மணி. ரெண்டு பெல் அடிச்சாத்தான் வண்டிக்கே ஒரு மரியாதை" என்பார். ரிட்டயர் ஆன அன்று கயிற்றை விட்டாரே தவிர, பழக்கத்தை விடவில்லை. எதைத் தொடங்க வேண்டுமானாலும் பக்கத்தில் கிடைத்ததை இரண்டு தட்டுத் தட்டுவார். இலையில் சோறு விழுந்ததும் மேசையில் இரண்டு தட்டு. குளிக்கப் போனால் வாளியில் இரண்டு தட்டு.

ஒருமுறை அவருடைய பழைய டிரைவர் ஒருவர் செத்துப்போய், பெட்டியைத் தூக்கியாகிவிட்டது. முன்னால் யார் பிடிப்பது என்று மருமக்களுக்குள் தர்க்கம் வந்து, பெட்டி நடுமுற்றத்தில் அசையாமல் நின்றது. டபுள் பெல் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியின் பின்பக்கம் போய் இரண்டு தட்டுத் தட்டினார். சுமந்தவர்கள் ஜங்ஷன் வரைக்கும் எங்கும் நிற்காமல் போய்விட்டார்கள். அழுதுகொண்டிருந்த விதவைக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை ஊர் ரொம்ப நாள் பேசியது.

இன்னொரு வியாதியும் அவருக்கு உண்டு. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நீங்கள் எந்த ஸ்டாப்பில் ஏறினீர்கள், எந்த ஸ்டாப்பில் இறங்கினீர்கள், அதுதான் அவருக்கு நீங்கள். நான் தனுவச்சபுரத்துக்காரன் இல்லை. ஆனால் காலேஜ் படித்த காலத்தில் அவருடைய வண்டியில் போய் தினமும் அங்கே இறங்கினேன். அதனால் நான் 'தனுவச்சபுரம்'. படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, எங்கள் கிராமத்து வாசகசாலையில் லைப்ரேரியனாக உட்கார்ந்து, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் நான் தனுவச்சபுரம்தான். மீன் விற்று ஓய்ந்த பிலோமி அக்கா கடற்கரைக்காரி. செங்கல் என்கிற ஊரில் கூடையோடு ஏறி வண்டியையே நாறடித்தவள் என்பதால் அவள் 'செங்கல்'. கட்டின மனைவி தங்கம்மை மாமிகூட அவருக்குப் 'பாறசாலை'தான். குமரியாக இருந்தபோது பாறசாலையில் ஏறியவள், கண்டக்டரோடு பேச்சுக் கொடுத்ததில் இறங்க வேண்டிய ஸ்டாப் போனதே தெரியவில்லையாம். "அன்னைக்கு எறங்க மறந்தவளாக்கும். இன்னும் எறங்கல்ல" என்பார். மாமி அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபம் மாதிரி இருக்கும், கோபம் இல்லை.

ரிட்டயர் ஆன கண்டக்டருக்கு வண்டி இல்லை, ஆனால் ஆட்களை ஏற்றாமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் அவர் கண்ணில் முகாம்கள் பட்டன. கண் முகாம், காது முகாம், சர்க்கரை முகாம், பல்செட் முகாம். வயதானவர்களுக்கு ஊன்றுகோல் கொடுக்கும் விழா, வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு, வயதானவர்களுக்கு இலவச சட்ட உபதேசம். வாரத்துக்கு ஒன்று எங்கேயாவது நடக்கும். நடத்துகிறவர்களின் புத்தியைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. கண் தெரியாதவர்களுக்கான முகாமைப் பொடி எழுத்தில் நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். காது கேளாதவர்களுக்கான முகாமை ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். நடக்க முடியாதவர்களுக்கான கைத்தடியை மாடி ஹாலில் வைத்துக் கொடுப்பார்கள். இதற்கு நடுவில்தான் டபுள் பெல் வேலை பார்த்தார்.

காலையில் நான் வாசகசாலையைத் திறப்பதற்கு முன்பே படியில் இருப்பார்.

"எலே தனுவச்சபுரம், இன்னைக்கு எங்க என்ன உண்டு?"

"நெய்யாற்றங்கரையில காது முகாம், மாமா."

கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு மணி நேரத்தில் ஜங்ஷனில் ஒரு கிழப்பட்டாளம் நிற்கும். "முன்னோட்டு நீங்கு, முன்னால நகரு. கம்பிய விட்டுட்டு ஆளப் பிடி" என்று அவர் பஸ்ஸில் ஏற்றுகிற அழகைப் பார்த்து, டியூட்டியில் இருக்கிற நிஜக் கண்டக்டர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பான்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை: காலி ஸீட்டோடு வண்டி போகக்கூடாது. அதில் மாட்டியவள்தான் பிலோமி அக்கா. அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்கும். ஒரு ஸீட்டு பாக்கி இருக்கிறதே என்று அவளையும் காது முகாமுக்கு ஏற்றிவிட்டார். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். ஏசி போட்ட அறை. வெயிலில் வந்தவள் குளிர் பட்டதும் தூங்கிவிட்டாள். கை எழும்பவில்லை. முழுச் செவிடு என்று முடிவு கட்டி இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசகசாலைக்கே வந்துவிட்டாள்.

"இந்த எழவ நீரே வச்சுக்கிடும் ஓய். மருமவ அடுக்களையில முணுமுணுக்கியது கேக்குது, அடுத்த வீட்டுக்காரி என்னப்பத்திச் சொல்லியது கேக்குது. நான் மூணு வீட்டுல சண்ட போட்டாச்சு. கேக்காத இருந்தப்பம் எனக்கு என்ன கொறச்சல்?"

"உனக்குத்தான் முன்னமே நல்லாக் கேக்குமே, செங்கல்."

"நல்லாக் கேக்கும். இவ்வளவு நல்லாக் கேக்கணும்னு எவன் சொன்னான்?"

டபுள் பெல் அந்த மெஷினை வாங்கி, நிஜமாகவே காது போன ஒரு பனையேறி மூப்பருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். மூப்பர் அன்றைக்கு முழுக்க ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

எழுத்து வகுப்புதான் அவருடைய உச்சம். மத்தியானங்களில் என் வாசகசாலை பெஞ்சில்தான் நடந்தது. படிப்பிக்க வேண்டிய வாத்தியார் பாதி நாள் வரமாட்டார். வராத நாளில் டபுள் பெல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பெரியவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், வகுப்பு மலையாள எழுத்து. அதுவே போதாதா? இவர் அரிச்சுவடியையே தூக்கிக் கடாசிவிட்டார்.

"இந்த வயசுல அ ஆ படிச்சு நீங்க எங்க போவப் போறிய? போர்டு படியுங்க. வண்டி போர்டு வாசிக்கத் தெரிஞ்சா ஆரையும் கேக்காம எங்கயும் போவலாம்."

அவர் படிப்பித்தது பஸ் போர்டுகள் மட்டும். செங்கல், பெருங்கடவிளை, காட்டாக்கடை, நெய்யாற்றங்கரை. பெரியவர்கள் ஆனந்தமாகப் படித்தார்கள். முடிவில் பரீட்சை நடத்த ஒரு ஆபீஸர் வந்தார். கஷ்டமாக எதுவும் கேட்கவில்லை. அவரவர் பேரை எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். தாளை வாங்கிப் பார்த்தவர் நெற்றியைத் தடவினார். மூன்று பேர் பெயர் காட்டாக்கடை. இரண்டு பேர் பெருங்கடவிளை. பிலோமி அக்கா, கொட்டை எழுத்தில், செங்கல்.

"அம்மா, நான் கேட்டது பேரு. ஊரு இல்ல."

"இதுதான் சாரே பேரு" என்றாள் பிலோமி அக்கா. "அவரு எங்கள விளிக்கியது இப்பிடியாக்கும். வேற பேரு எழுத அவரு படிப்பிச்சுத் தரல்ல."

ஆபீஸர் நல்ல மனுஷர். எழுத்தில் தப்பில்லை என்று எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டபுள் பெல் ஜங்ஷனில் நின்று பாடம் கேட்கத் தொடங்கினார். தூரத்தில் பஸ் வரும். "செங்கல், அந்தா வாற வண்டிக்க போர்டு என்ன? வாசி பாப்பம்" என்பார். பிலோமி அக்கா வாசிப்பாள். "சரி. பாஸ். கேறு எல்லாரும்." ஒரு வண்டியைக்கூட விடாமல் கேட்பார். வாசகசாலையிலும் பத்திரிகையை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ வாசி. உனக்க மலையாளம் கொஞ்சம் நேராவட்டு" என்பார். இந்த மனுஷனுக்கு எழுத்தின் மேல் இந்த வயதில் இவ்வளவு பற்றா என்று நான் வீட்டில் போய்ப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

ஒரு நாள் தங்கம்மை மாமி தனியாக வாசகசாலைக்கு வந்தாள். அவள் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் பல்செட் முகாம் முடிந்து நெய்யாற்றங்கரை ஸ்டாண்டிலிருந்து திரும்பியபோது நடந்ததைச் சொன்னாள். பிலோமி அக்கா பேத்தி ஞானஸ்நானம் என்று அன்று போகவில்லை. டபுள் பெல் எல்லாரையும் ஒரு வண்டியில் ஏற்றிவிட்டார். அது எங்கள் பக்கத்து வண்டி இல்லை. தமிழ்நாட்டு எக்ஸ்பிரஸ். போர்டு தமிழில். அவர் படிப்பித்த போர்டுகளில் அது இல்லை; ஆனாலும் ஏற்றிவிடுகிறவர் அவர் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"வண்டி எடுத்ததும் விசில் கேட்டுது" என்றாள் மாமி. "அவரு, போலீஸ்காரன் அடிக்கியான்னு சொன்னாரு. ரெண்டாவது விசில் கேட்டப்பம் அவருக்க மொகம் மாறிப்போச்சு. நம்ம ஸ்டாப்பு வந்துது மக்கா. வண்டி நிக்கல்ல. நம்ம சாயாக்கடைக்காரன் கையக் காட்டிச் சிரிக்கியான், நாங்க அப்பிடியே போறோம்."

வண்டி களியக்காவிளையில்தான் நின்றிருக்கிறது. அந்தக் கண்டக்டர் கிழடுகளை எல்லாம் பார்த்து, போர்டைப் பார்த்து ஏறக்கூடாதா என்று கேட்டானாம். டபுள் பெல் கீழே இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி, "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு நமக்கு டூராக்கும்" என்று அறிவித்துவிட்டார். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு மட்டி வாழைப்பழம். பெரியவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அடுத்த டூர் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை.

"உனக்க மாமனுக்குக் கண்ணு தெரியல்ல மக்கா. ரெண்டு வருஷமா எனக்க மொகத்த நேராப் பாக்கல்ல. நான் பாவி, வேற எவளோ உண்டாக்கும்னு நெனச்சு சண்டகூடப் போட்டேன். கண்ணாக்கும் போனது. ஊருல உள்ளவளுக்கெல்லாம் கண்ணாப்பரேஷன் செய்ய ஆளு கேத்தியாரு, தனக்குன்னு வரும்போ பயம். எறும்பு கடிக்கிய மாதிரிதான்னு மத்தவியட்டச் சொல்லுவாரு. அந்த எறும்பு இவரக் கடிக்கக்கூடாதாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜங்ஷனில் அவர் பாடம் கேட்டது பாடமே இல்லை. பிலோமி அக்காவின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டுதான் அந்த மனுஷர் எங்களை எல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பெருங்கடவிளையில் கண் முகாம் வருகிறதே, நீங்களும் ஒருமுறை காட்டினால் என்ன என்றேன்.

"எலே, கண்டக்டருக்கு டிக்கெட் உண்டா?" என்றார். "பத்திரிகைய வாசி."

பெருங்கடவிளை முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் வாசகசாலையைப் பூட்டிவிட்டு மாமியோடு போனேன். டபுள் பெல் வழக்கம்போல வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மேசையில் பெயர் பதிகிற டாக்டர் படிப்புப் பெண் ஒருத்தி, சின்னப்பிள்ளை, நிமிர்ந்து பார்த்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அவருடைய வலது கண்மணி வெளேரென்று இருந்தது. பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியும். அவர்தான் யாரையும் பக்கத்தில் நின்று பார்க்க விட்டதில்லை.

"அப்பூப்பன் ஒந்நு இரிக்கணே. ஜனிச்ச வருஷம் ஏதா?" என்று, தாத்தாவுக்கு நாற்காலியைக் காட்டி, கேட்டாள் அவள்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "தொண்ணூத்தெட்டு" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிறந்தது கொல்லம் ஆண்டுக் கணக்கில். ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்றால் ஆயிரத்தை விழுங்கிவிட்டுத் தொண்ணூற்றெட்டு என்பார்கள். இங்கிலீஷ் கணக்கில் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றை ஒட்டி வரும். பட்டணத்துப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. அப்போது நடந்துகொண்டிருந்ததோ இங்கிலீஷ் தொண்ணூற்றாறு.

"அப்பூப்பா, தொண்ணூற்றெட்டு ஆகான் இனியும் ரெண்டு வருஷம் உண்டல்லோ" என்றாள்.

டபுள் பெல் ஒரு வினாடி யோசித்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"கேட்டியா தனுவச்சபுரம்? நான் இனியும் பிறக்கல்லியாம். பிறக்காதவனுக்கு எதுக்குடே ஆப்பரேஷன்?" மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

பெரிய டாக்டர் எழுந்து வாசல் வரை வந்து, டார்ச்சை அவர் கண்ணில் அடித்தேவிட்டார். பிறகு மாமியிடம் திரும்பினார். "இது முற்றிப்போயி. இடது கண்ணும் பின்னாலே வருந்நுண்டு. மழை கழியட்டே என்று வெச்சா, பின்னே என்னைக் கொண்டு ஒந்நும் பற்றில்ல." அதாவது புரை முற்றிவிட்டது; இன்று போனால் பார்வை திரும்பும், இல்லாவிட்டால் இல்லை. மாமி தலையை ஆட்டினாள். டபுள் பெல்லுக்கு அதுவும் தெரிந்திருக்காது.

மத்தியானம், ஆப்பரேஷனுக்குத் தேர்ந்தெடுத்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வேன் வந்து நின்றது. துணைக்குப் போகிறேன் என்று பிலோமி அக்காவும் ஏறிவிட்டாள். டபுள் பெல் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு ஏற்றினார். கதவைச் சாத்தினார். வேனின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டுக் கேட்டது. டிரைவர் நிறுத்தினான்.

"யாருலே ஒத்த பெல் அடிச்சது?"

"நானாக்கும்" என்றாள் பிலோமி அக்கா. "ஒரு ஆளு கேற உண்டு."

"எந்த ஆளு?"

"கண்டக்டரு."

"கண்டக்டருக்கு ஸீட்டு கிடையாது." மறுபடி இரண்டு தட்டு.

உள்ளே பின்ஸீட்டில் இருந்த பனையேறி மூப்பர் தன் கைத்தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். அந்தத் தடி டபுள் பெல் மாடிப்படி ஏறி வாங்கிக் கொடுத்த தடி. இன்னொருவர் குத்தினார். பிறகு எல்லாத் தடியும் குத்தத் தொடங்கியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இது நிற்கவா, போகவா? யாராவது ஒருத்தர் அடிங்க" என்று கெஞ்சினான்.

தங்கம்மை மாமி முன்னால் வந்தாள். "இஞ்ச பாருங்க" என்றாள்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவருக்குத் தெரியவில்லை.

"பாறசாலை, நீ வீட்டுக்குப் போ. இந்தக் கிழடுவளுக்குப் பைத்தியம் பிடிச்சுப்போச்சு. நான் வண்டிய அனுப்பிட்டு வாறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்திடம். வேனில் தடிச்சத்தம் நின்றுபோனது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் இங்க நிக்கேன்" என்றாள் மாமி, அவர் முதுகுப் பக்கத்திலிருந்து.

அவர் திரும்பவில்லை. கை மட்டும் வேனின் தகரத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டது.

"எனக்க மொகம் எப்பிடி இருக்குன்னு இப்பம் சொல்லுங்க பாப்பம்."

"பாறசாலையில கேறினப்பம் இருந்த மாதிரித்தான் இருக்கும்."

"அது போயி எத்தரயோ காலமாச்சு. இப்பம் உள்ளதையும் ஒருக்கப் பாருங்க." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாக்காம விட்டா எனக்குப் பொறுக்காது."

டபுள் பெல் மூக்கை உறிஞ்சினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கதவுப் பக்கம் தலையை நீட்டி, "சைடு ஸீட்டு உண்டா?" என்று கேட்டார். உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்ந்ததில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்தப் பெண் பென்சிலோடு ஓடிவந்தாள். "அப்போ வருஷம் ஞான் எந்து எழுதட்டே?"

"பிறந்தாச்சுன்னு எழுது மோளே" என்றாள் மாமி, ஏறிக்கொண்டே.

வண்டியை அனுப்ப வெளியே என்னைத் தவிர ஆள் இல்லை. தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"எலே தனுவச்சபுரம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அழுத்தி அடி. இது வண்டியாக்கும், முறுக்கு டப்பா இல்ல."

சில வாரம் கழித்து நெய்யாற்றங்கரையில் கண்ணாடி கொடுத்தார்கள். நானும் பிலோமி அக்காவும் கூடப் போயிருந்தோம். அந்தக் காலத்து ஆப்பரேஷன் கண்ணாடி சோடாக் குப்பியின் அடிப்பாகம்தான். அதை மாட்டினதும் அவர் கண் இரண்டும் நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்துத் தெரிந்தது. முதலில் என்னைப் பார்த்தார். "எலே, உனக்குத் தலையில ஒண்ணும் இல்லியே. இதை ஆரும் என்னட்டச் சொல்லல்லியே" என்றார். பிறகு மாமி பக்கம் திரும்பினார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு இந்த நரையெல்லாம் எப்பம் கேறிச்சு?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்க பாக்காத இருந்த நேரத்துல."

"நல்லாத்தான் இருக்கு, தங்கம்மே" என்றார்.

பிலோமி அக்கா என்னை இடித்தாள். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமிகூடக் கேட்டு எவ்வளவு காலமாயிற்றோ. "போதும், ஆளுவ பாக்குது" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

திரும்பும்போது எங்கள் பக்கத்துச் சிவப்பு வண்டிதான். மணி உள்ள வண்டி. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தோம். ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் வாசிக்கத் தொடங்கினார். உரக்க, வண்டி முழுக்கக் கேட்கும்படி. 'மரச்சீனி மொத்தவும் சில்லறையும்' என்று ஒரு கிழங்குக்கடை. 'இவிடெ குடை நன்னாக்கிக் கொடுக்கப்படும்.' 'பட்டி உண்டு, சூக்ஷிக்குக' என்று ஒரு கேட்டில், நாய் படத்தோடு. அமரவிளையில் ஒரு தையல்கடை, ஒரு கோழிக்கடை. கள்ளுக்கடை போர்டை வாசித்துவிட்டு, அதற்குக் கீழே சாக்பீஸில் கடன் இல்லை என்று எழுதியிருந்ததையும் வாசித்தார். மைல்கல்லை வாசித்தார். மதிலில் பாதி கிழிந்து தொங்கிய போஸ்டரை, கிழிந்த இடத்தில் நிறுத்தி, மீதியை வாசித்தார். எதிரே வந்த தமிழ்நாட்டு எக்ஸ்பிரஸின் போர்டை வாசித்து, "இது நமக்குள்ள வண்டி இல்ல கேட்டியளா" என்றார். கண்டக்டர் டிக்கெட் பையோடு எங்கள் ஸீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றவன் அங்கேயே நின்றுவிட்டான். யாருமே போதும் என்று சொல்லவில்லை. வாய் ஓயாத பிலோமி அக்காகூட.

உதியன்குளங்கரை தாண்டியது. எங்கள் ஸ்டாப் வந்தது. சாயாக்கடைக்காரன் கையைக் காட்டினான். அவர் சாயாக்கடை போர்டையும் வாசித்தார். மாமி எழுந்திருக்கவில்லை. பிலோமி அக்கா எழுந்திருக்கவில்லை. ஒத்த பெல் கேட்க நானும் வாயைத் திறக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.